பனையோடைக்குத் தடமானி வந்த நாள்

மேலதிகாரி வருகிறார் என்றால் பனையோடை அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. கொடிமரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடி தூவுவார்கள். வாசலில் பெண்பிள்ளைகளை விட்டுக் கோலம் போடச் சொல்வார்கள். கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கேள்வி கேட்டால் வகுப்பே கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. கடைசியாக, இடது கைக்காரர்களிலும் கடைசியில் இருப்பவர்களை அன்றைக்கு வீட்டிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் 'மெல்லக் கற்போர்'. பெயர் வைப்பதில் நம் அரசாங்கத்தைக் குறை சொல்லவே முடியாது.

இந்தத் தடவை வரப்போவது அதிகாரி மட்டுமல்ல. அவரோடு தடமானியும் வருகிறது.

அது என்ன என்று ஆசிரியர் அறையில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. போன வாரம் ஒரு பெண் வந்து, ஒவ்வொரு ஆசிரியரையும் புத்தகத்தில் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனாள். எதற்கு என்று கேட்டதற்கு "அடையாளத்துக்கு" என்றாள். காலையில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்து பழகியவர்கள் இவர்கள். முகம் போய்க் குரலும் வேண்டுமாக்கும் என்று வாசித்துக் கொடுத்தார்கள். பிள்ளை தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினால் அதற்கு எவ்வளவு தெரியும் என்று காட்டிவிடுமாம். இவ்வளவுதான் அவர்களுக்குப் புரிந்தது, அதுவும் அரைகுறையாக. வகுப்பின் சராசரி முப்பத்தைந்துக்குக் கீழே போனால் பள்ளியை மூடி டவுன் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள் என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது.

"மிஷினுக்கும் முப்பத்தஞ்சுதான் பாஸ் மார்க்கு போல," என்று சிரித்தார் தலைமையாசிரியர் ஞானதிரவியம். யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை.

அவர் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை ஐரினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குத்தான் தொப்பி மாட்டுவாங்களாம். டீச்சர், ஒங்க வகுப்புல அந்த நாலு பேரு நாளைக்கு வேண்டாம்."

"எந்த நாலு பேரு சார்?" தெரிந்துகொண்டே கேட்டாள் ஐரின்.

"என்னைப் போயிச் சொல்ல வைக்கிய, பாத்தியளா."

"இசக்கியுமா சார்? அவ இப்ப நல்லா வாசிக்கா. பின்னக் கணக்கெல்லாம் போடுதா."

"ஒங்ககிட்டப் போடுதா. ஒங்க சத்தத்தைக் கேட்டாத்தான் அவளுக்குக் கையே ஓடும். வெளியாளைக் கண்டா அவ பேரையே மறந்துருவா. நான் பாத்ததில்லையா?"

அது பொய்யில்லை. இசக்கிப்ரியா ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு எழுத்தே தெரியாது. வாயைத் திறந்து ஒரு சொல் பேச ஒரு மாதம் ஆயிற்று. நான்கு வருடமாக ஐரின் பள்ளி விட்ட பிறகும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறாள். பின்னக் கணக்குதான் பெரும்பாடு. இட்லியை வெட்டிப் பார்த்தாகிவிட்டது, காகிதத்தை மடித்துப் பார்த்தாகிவிட்டது. ஒருநாள் ஐரின் குச்சியை எடுத்து மண்ணில் ஒரு உப்புப் பாத்தி வரைந்தாள். அதை நாலாகப் பிரித்து, "மூணுல உப்பு வெளஞ்சிட்டு. ஒண்ணுல இன்னும் தண்ணி நிக்கிது. எவ்வளவு வெளஞ்சிருக்கு?" என்றாள். அம்மாவோடு உப்பளத்தில் வளர்ந்த பெண் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கத்தினாள்: "முக்கால்!" ஐரின் அன்று வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிற வேலையில் அப்படி ஒரு நாள் அவளுக்கு அடிக்கடி வாய்த்ததில்லை.

"சார், அவளும் நம்ம பிள்ளைதான?"

ஞானதிரவியம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. மழைக்கு ஒழுகும் வகுப்பறைக்குத் தன் கைக்காசில் தகரம் போட்டவர்.

"டீச்சர், மேலப்பரம்பு பள்ளிக்கூடத்தை டவுனோட இணைச்சாவள்லா? அங்க ஒன்பதாப்பு படிச்ச பொம்பளப் பிள்ளைங்க இப்ப எங்க? ஒண்ணோ ரெண்டோ பஸ் ஏறிப் போவுது. மத்ததெல்லாம் அளத்துல உப்பு இழுக்குத வாரியோட நிக்கிது. ரெண்டு பிள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிட்டு. நாளைக்கு ஒருநாள் இசக்கி வீட்ல இருந்தா, நாளான்னைக்கு அவ வாரதுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஐரின் எழுந்து வகுப்புக்குப் போனாள்.

பள்ளி விட்டதும் நால்வரையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். பையன்கள் மூவருக்கும் கொண்டாட்டம்தான். ஒருநாள் லீவு என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இசக்கி மட்டும் நின்றாள். கோலம் போட்ட கை, விரலெல்லாம் வெள்ளைப் பொடி.

"நா எதுவும் தப்பு பண்ணிட்டனா டீச்சர்?"

ஐரின் அவள் கன்னத்தைத் தொட்டாள். "இல்லட்டி. நாளைக்கு நீ வர வேண்டாம், அவ்வளவுதான்."

எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகத்தான் சொன்னாள். இசக்கி தலையை ஆட்டிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை வந்திறங்கியவன் பெயர் பிரகதீஷ். சென்னைக்காரன், முப்பது வயதிருக்கும். கலர் சோடா வேண்டாம், தண்ணீர் போதும் என்றான். சுண்ணாம்புப் பொடியையும் கோலத்தையும் அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எந்தக் கையையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. அறிவியல் கூடத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, வலை போலிருந்த தொப்பியை எடுத்து மேசையில் வைத்து, "ஒவ்வொருத்தரா அனுப்புங்க சார்" என்றான்.

முதலில் ரோஷனை அனுப்பினார்கள். மளிகைக்கடை அந்தோணியின் மகன், வகுப்பில் முதல் மாணவன். ஞானதிரவியம், மாப்பிள்ளையை மணமேடைக்கு அனுப்புவது போல முதுகைத் தட்டி அனுப்பினார். பையன் தொப்பியை மாட்டிக்கொண்டு திரையில் ஓடிய படங்களையும் சொற்களையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. திரையின் மூலையில் எண் விழுந்தது.

இரண்டு.

"இருவதா சார்?" என்றார் ஞானதிரவியம்.

"இல்ல சார். ரெண்டு."

"ஒங்க மிஷினு பழுதாயிருக்கும். போன பரீட்சையில தொண்ணூத்தெட்டு எடுத்த பையன் இவன்!"

"அவனுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல சார். நல்லாவே தெரியும். யார்கிட்ட கத்துக்கிட்டான்கறதுதான் கேள்வி." பிரகதீஷ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். இந்த விளக்கத்தை அவன் பல ஊரில் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் அலுப்பில்லாமல் சொன்னான். "மனசுல எதுவும் தனியா பதியாது சார். சொன்னவங்க குரலோட சேர்ந்துதான் பதியும். உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தது யாரு?"

"எங்க ஊரு ஞானமணி வாத்தியார்."

"ஏழெட்டு எவ்வளவுன்னு இப்போ நினைச்சுப் பாருங்க. யாரு குரல் கேக்குது?"

ஞானதிரவியம் யோசித்தார். தன்னையறியாமல் வலது காதைத் தடவிக்கொண்டார். "அவரு குரல்தான்," என்றார் ஆச்சரியமாக.

"அந்தக் குரலைத்தான் இது தேடுது. போன வாரம் உங்க எல்லார் குரலையும் வாங்கிட்டுப் போனது இதுக்குத்தான். இந்தப் பையன் தலைக்குள்ள உங்க பள்ளிக்கூடத்துக் குரல் கிட்டத்தட்ட இல்லவே இல்ல சார். வேற யாரோதான் இருக்காங்க."

"டவுன்ல டியூஷன் போறான்," என்றாள் ஐரின்.

"அப்போ இது டியூஷன் வாத்தியார் தொண்ணூத்தெட்டு." பிரகதீஷ் ஐரின் பக்கம் திரும்பினான். "பள்ளிக்கூடத்தோட தரம்னா என்ன மேடம்? மார்க்கை வச்சுத்தானே இத்தனை நாளும் பார்த்தாங்க? அது பாதி நேரம் அப்பாவோட சம்பாத்தியத்துக்குக் குடுத்த மார்க். இந்தக் கட்டடம், இந்த ஆசிரியர்கள், ஒரு பிள்ளைக்குள்ள எதை விட்டுட்டுப் போறாங்க? அதை அளந்தாத்தான் அரசுப் பள்ளிக்கு நியாயம் கிடைக்கும். பல வருஷம் சண்டை போட்டு இதைக் கொண்டு வந்திருக்கோம்."

அவன் உண்மையாகத்தான் பேசினான். அவனைப் பார்த்தால் கோபப்படவும் தோன்றவில்லை.

"நாங்க என்ன சொல்லிக் குடுத்தோம்னு மிஷினுக்குத் தெரியுமா?"

"தெரியாது, தெரியவும் கூடாது. குழந்தை மனசுக்குள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. யார் குரல், எவ்வளவு ஆழம். இது ரெண்டு மட்டும்தான். ஆசிரியர் ஆசைப்பட்டா அவங்க குரல்ல பதிஞ்சதை மட்டும் கேட்டுக்கலாம். அவங்க குரல்தானே? நிறைய டீச்சருங்க கேட்டுட்டு அழுதுடுவாங்க மேடம். சந்தோஷத்துல."

அடுத்தடுத்துப் பிள்ளைகள் போனார்கள். நான்கு, பதினொன்று, ஏழு. ஒருத்தி தலையில் போனில் பாடம் நடத்தும் யாரோ ஒருவர் குடியிருந்தார். இன்னொருவனுக்கு நர்ஸாக இருக்கும் அக்கா. சிலருக்கு மட்டும் முப்பது, நாற்பது என்று விழுந்தது. வகுப்பே மொத்தம் பதினாறு பேர், வந்திருந்தது பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது சராசரி இருபத்தொன்றில் நின்றது.

ஞானதிரவியம் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். ஐரினும் பின்னால் வந்தாள். டியூஷனுக்குப் போகாத, போன் இல்லாத, வீட்டில் சொல்லிக்கொடுக்க நாதியில்லாத பிள்ளைகள் யார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு குரலே கேட்டிராத பிள்ளைகள். அவர்களைத்தான் பொறுக்கியெடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலஞ்ச கதையாப் போச்சே டீச்சர்," என்றார் ஞானதிரவியம்.

பிரகதீஷ் வாசலுக்கு வந்தான். "நாலு பேர் வரலையே சார்?"

"காய்ச்சல் சார். ஊரு பூரா காய்ச்சல்."

"நாலு மணி வரைக்கும் வந்தா சேர்த்துக்கலாம்," என்றான் அவன். காய்ச்சலைப் பற்றி அதற்கு மேல் அவன் விசாரிக்கவில்லை. ஞானதிரவியம் பையன்களைத் தேடி ஆட்டோவில் கிளம்பினார். ஐரின் ஸ்கூட்டரை எடுத்தாள்.

இசக்கி வீட்டில் இல்லை. ஐரின் எதிர்பார்த்ததுதான். அளத்தில் வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. வரப்பில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கி நடந்தாள். பாத்திக்குள் இசக்கி தன்னைவிட உயரமான வாரியைப் பிடித்து உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அருகில் அவள் அம்மா மாரிக்கனி.

டீச்சரைப் பார்த்ததும் மாரிக்கனி வாரியை ஊன்றி நின்றாள்.

"நேத்து வர வேண்டாம்னு சொன்னிய. சரி, சும்மா கெடக்காண்டாம்னு கங்காணிட்டக் கெஞ்சி இவளுக்கும் ஒரு வாரி வாங்கிக் குடுத்தேன். இன்னைக்கு வான்னு வந்து நிக்கிய. எம்பிள்ளைய என்னன்னு நெனச்சிய டீச்சர்? கூப்பிட்டா வாரதுக்கும் வெரட்டுனா போறதுக்கும் அது என்ன கோழியா?"

"தப்புதான்," என்றாள் ஐரின். "எங்க தப்புதான். இப்ப அவளை அனுப்புங்க."

"ஏட்டி, போறியா?" என்று மகளைக் கேட்டாள் மாரிக்கனி.

இசக்கி தலை நிமிரவில்லை. "நா வந்தா பள்ளிக்கூடத்தை மூடிருவாவளே டீச்சர்."

"யாருட்டி சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

ஐரின் செருப்போடு பாத்திக்குள் இறங்கிவிட்டாள். உப்புத்தண்ணீர் குதிகால் வெடிப்பில் ஏறிச் சுரீர் என்றது. "அப்பிடி இல்லட்டி. நீ வந்தாத்தான் பள்ளிக்கூடம் நிக்கும். நீ மட்டும்தான் அதை நிறுத்தி வைக்க முடியும்."

அந்தப் பெண் அதை நம்பவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனால் டீச்சர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. வாரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஸ்கூட்டரில் போகும்போது ஐரினுக்குப் பயத்தை மீறி ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைப்பானேன், வரத்தான் செய்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைக்குள் தன் குரல் இருக்கிறது, நான்கு வருடக் குரல். மிஷின் அதைத் தோண்டியெடுத்து இதோ பார் என்று காட்டப்போகிறது. எந்த வார்த்தை ஆழத்தில் கிடக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும். காற்றில் தலையைத் திருப்பி, "ஏட்டி, மூணு பாத்தி வெளஞ்சா எவ்வளவு?" என்று கத்தினாள். "முக்கால் டீச்சர்," என்று முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

பையன்கள் மூவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். குளத்திலிருந்து பிடித்து வந்ததால் தலை ஈரமாக இருந்தது. பிரகதீஷ் தன் துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னான். எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. எழுபத்து நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் ஞானதிரவியம் "ஆண்டவரே" என்றார்.

இசக்கியின் தலைமுடியில் உப்பு ஒட்டியிருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணைக் கொட்டாமல் திரையைப் பார்த்தாள். கரும்பலகையின் படம் வந்தது, புத்தகம் வந்தது, பள்ளி வாசல் வந்தது. வாசல் வந்தபோது மட்டும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு.

பிரகதீஷ் எழுந்தே விட்டான். "இப்படி ஒரு ஆழத்தை நான் பார்த்ததே இல்ல மேடம். உங்க ஒருத்தர் குரல்தான்."

சராசரி முப்பத்தைந்தைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு நூல் நின்றது. ஞானதிரவியம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இசக்கி பயந்துபோய் டீச்சரைப் பார்க்க, "ஒண்ணுமில்லட்டி, வெளியில போயி இரு" என்று அனுப்பினாள் ஐரின்.

"கேக்குறீங்களா மேடம்? ரொம்ப ஆழத்துல இருக்கறதுதான் முதல்ல வரும்." பிரகதீஷ் ஹெட்போனை நீட்டினான்.

கேட்காமல் இருப்பாளா? வாங்கி மாட்டிக்கொண்டாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு குரல். அது தன் குரல் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"நாளைக்கு நீ வர வேண்டாம், அவ்வளவுதான்."

அவள் மென்மையாகத்தான் சொன்னாள். கன்னத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னாள். ஆனால் இசக்கிக்குள் போய்ச் சேர்ந்த குரலில் மென்மை எதுவும் மிஞ்சவில்லை. கதவைச் சாத்துகிறவளின் குரலாக இருந்தது அது.

"அடுத்தது?" என்றாள். தன் வாய்தான் பேசுகிறதா என்று சந்தேகமாக இருந்தது.

பிரகதீஷ் எதையோ தொட்டான். "போட்டோவுக்கு நீ பின்னால போயி நில்லுட்டி." எந்த போட்டோ என்றுகூட ஐரினுக்கு நினைவில்லை.

அடுத்தது. "கலெக்டர் வந்தா நீ பேசாண்டாம், என்ன?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். முக்கால் இந்த வரிசையில் எங்கேயோ கீழே இருக்கத்தான் செய்யும். அதைத் தேடிப் போக அவளுக்குத் தைரியம் இல்லை. எத்தனை படி இறங்க வேண்டியிருக்குமோ, யார் கண்டது.

"விதிப்படி ஒரே ஒரு கேள்வி மேடம்." பிரகதீஷ் சிரித்துக்கொண்டே கேட்டான். "நீங்க கேட்டது பாடம்தானே? ஒருவேளை திட்டினது, மனசு நோகச் சொன்னதுன்னா நீங்களே சொல்லிடலாம். அந்தப் பிள்ளையோட எண்ணை மட்டும் கழிச்சுடுவோம்."

"இதுவரைக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல," என்றான் அவன் பெருமையாக. "அவ்வளவு நல்ல ஆசிரியர்கள் மேடம் நமக்கு."

கழித்தால் முப்பத்தொன்று. அவள் கணக்கு டீச்சர். அதற்குக் காகிதம் தேவையில்லை. முப்பத்தொன்று என்றால் டவுன் பள்ளி. டவுன் பள்ளி என்றால் பஸ். பஸ் என்றால், மாரிக்கனி இன்னொரு வாரி வாங்கி வைத்துவிடுவாள். இந்தத் தடவை யாரும் கங்காணியிடம் கெஞ்ச வேண்டியிருக்காது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வராந்தாப் படியில் உட்கார்ந்து இசக்கி காலில் காய்ந்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பாடம்தான்," என்றாள் ஐரின்.

"என்ன பாடம் மேடம்? சும்மா ஆசைக்குக் கேக்குறேன்."

"பின்னம். முக்கால்னா என்னன்னு சொல்லிக் குடுத்தது."

அவன் முகம் மலர்ந்தது. "அடுத்த மாசம் மாவட்டக் கூட்டத்துல நீங்க பேசணும் மேடம். இந்த ஆழம் எப்படி வருதுன்னு மத்த ஆசிரியர்கள் உங்ககிட்ட கத்துக்கணும். நான் இன்னைக்கே எழுதிடறேன்."

ஞானதிரவியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் ஐரினின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கை மட்டும் மறுபடியும் காதுக்குப் போயிற்று. ஞானமணி வாத்தியார் அந்தக் காதைத் திருகி ஐம்பது வருடமாகப் போகிறது. ஏழெட்டு இன்னும் மறக்கவில்லை.

கார் கிளம்பிப் போன பிறகு பள்ளியே கூச்சல் போட்டது. யாரோ மிட்டாய் வாங்கி வரச் சொன்னார்கள். அறிவியல் ஆசிரியர் ஐரினின் கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். இன்னும் ஒரு வருடத்தில் எல்லாருக்கும் அந்த வித்தை தெரிந்துவிடும் என்று ஐரினுக்குத் தோன்றியது. சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எண் எதற்கு ஏறுகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கையை உருவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

இசக்கி படியிலிருந்து எழுந்து நின்றாள். கையில் யாரோ கொடுத்த மிட்டாய், பிரிக்காமல்.

"பள்ளிக்கூடம் மூட மாட்டாவளா டீச்சர்?"

"மாட்டாங்கட்டி. ஒன்னாலதான்."

இசக்கி அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. மிட்டாயை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். எதையோ கேட்க வேண்டும், கேட்கப் பயம்.

"என்னட்டி?"

"நாளைக்கு நா வரட்டுமா டீச்சர்?"

ஐரின் படியில் உட்கார்ந்தாள், அவள் கண்ணுக்கு நேராக. "வா," என்றாள். "கண்டிப்பா வா. இனி என்னைக்கும் வா." அந்தக் குரல் எந்த ஆழத்துக்குப் போகிறது என்று அவள் முகத்தில் தேடிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் சொன்னாள், "வாட்டி."

இசக்கி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். கோலம் கார்ச் சக்கரத்தில் பாதி அழிந்திருந்தது.

"நாளைக்கு ஆபீசர் யாரும் வர மாட்டாவல்லா?"

ஐரின் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்பச் சரி டீச்சர், வாரேன்," என்று சொல்லிவிட்டு இசக்கி அளத்தை நோக்கி ஓடினாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.